இடது பக்கத்துச் சத்தம்

ஜெலுத்தோங், பினாங்கு
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் தனேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அதாவது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இரண்டு பேருக்கும் எங்கே நிற்க வேண்டுமோ அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கின்றன, சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. நீயும் காமினியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் கிளாஸ்கோவுக்குத் தாளில் எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறாள், சரிதான், அப்பா சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று நீ உடனே நினைப்பாய். நினைத்துக்கொள். போனில் பேசினால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று என்னைத் தள்ளிக்கொண்டே போவாய், இல்லையென்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லி முடித்துவிடுவார். தாளில் எழுதினால் நடுவில் யாரும் வாயைத் திறக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ எனக்காக ஞாபக மறதி டாக்டரிடம் தேதி வாங்கியிருப்பது எனக்குத் தெரியும். நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நீயும் அப்பாவும் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினீர்கள். காது மந்தமான மனிதர் ரகசியம் பேசினால் ஜெலுத்தோங் முழுவதும் கேட்கும் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ‘காடில ஏதோ சத்தம் கேக்குதுன்னு உயிரை எடுக்குறாலா, எனக்கு ஒண்ணும் கேக்கல, ஒன் மாமா குணாவுக்கும் கேக்கல, வொர்க்‌ஷாப்காரனுக்கும் கேக்கல, ஒன் பெரியம்மா லோகாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது’ என்றார் அவர், நம் காரையும் என்னையும் வைத்து. நீ என்ன சொன்னாய்? ‘எதுக்கும் செக் பண்ணிடறது நல்லதுப்பா, அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, பயந்துருவாங்க’ என்றாய். அரசாங்க ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்டரில் அத்தனை வருஷம் உட்கார்ந்து ரத்தம் ஒழுகுகிறவனிடமும் அடையாள அட்டை நம்பர் கேட்டு எழுதினவள் நான். நான் பயந்துவிடுவேனாம், நீங்கள் இரண்டு பேரும் தைரியசாலிகளாம். காலில் முள் குத்தினால் வீட்டையே இரண்டாக்குகிற பரம்பரை நீங்கள்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்ததும் நீதான். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று அப்பா ஒரு போட்டோ அனுப்பினார், நீ அங்கே உட்கார்ந்தபடியே ஆராய்ச்சி செய்து அப்சோபர், லோவர் ஆர்ம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஆன்லைனில் வாங்கி வீட்டு வாசலுக்கே அனுப்பிவிட்டாய். நீ படித்தது கம்ப்யூட்டர், வேலை செய்வது பேங்கில், கார் டயருக்குக் காற்று அடிக்கக்கூட அப்பாவைக் கூப்பிட்டவன் நீ, ஆனால் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் போனதும் பெரிய நிபுணராகிவிட்டாய். அப்சோபர் என்றால் குலுக்கலை வாங்கிக்கொள்கிற தடி என்றும், லோவர் ஆர்ம் என்றால் சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை என்றும், அந்தக் கை வண்டியோடு சேரும் இடத்தில் புஷ் என்று ஒரு ரப்பர் இருக்கிறது என்றும் இந்த இரண்டு மாதத்தில் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை.

பெட்டி வந்ததும் உன் அப்பா ஒழுங்காக வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருக்கலாம். என் தம்பி, உன் அருமை மாமா குணாளன் வந்து மூக்கை நுழைத்தான். ‘ஃபோர்மேன்கிட்ட போனா ஏமாத்திருவான்லா மாமா, நம்மளே போட்டுருவோம், யூடியூப்ல பத்து வீடியோ பாத்துட்டேன்’ என்றான். செபராங் ஜெயாவில் ஏசி ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன், கையில் கரி பட்டால் மூன்று முறை சோப்புப் போடுகிறவன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். கார் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, போர்ட்டிகோவில் பேப்பர் விரித்து, அதில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு நட்டைக் கழற்ற ஒரு மணி நேரம், அதைப் பற்றிப் பேச இன்னொரு மணி நேரம். மத்தியானம் நாசி கண்டார் வாங்கிவந்து சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் படுத்துவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தால் நாலு மணி. அப்போது குணாவின் போனில் மணி அடிக்கிறது. பஞ்சாங்கத்துக்கு ஒரு ஆப் வைத்திருக்கிறான், அது ராகு காலத்துக்கு அரை மணி முன்னால் மணி அடிக்கும். ‘நாலரைக்கு ராகு காலம் மாமா, அதுக்குள்ள எலுமிச்சம்பழத்துல ஏத்தி எறக்கிரணும், புது பார்ட்ஸ் போட்டா புதுக் காடி மாதிரிதானே’ என்று அவன் குதிக்க, உன் அப்பாவும் கூடவே குதித்தார். இரண்டு பேரும் கீழே படுத்துக்கொண்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, முடுக்கு முடுக்கு என்று மூச்சு வாங்கிக்கொண்டு எல்லா நட்டையும் இறுக்கினார்கள். காரை இறக்கி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ரோட்டில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பழத்தை நசுக்கி வண்டியை வெளியே எடுக்கும்போது நாலரைக்கு இரண்டு நிமிஷம். ஏதோ ராக்கெட் விட்டமாதிரி இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். உனக்குப் போட்டோ அனுப்பினார்கள், நீயும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல லோகா அக்காவைப் பார்க்கத் தாசேக் கெலுகோர் போனோம். பாலத்தில் ஒன்றும் இல்லை, நெடுஞ்சாலையில் ஒன்றும் இல்லை. செம்பனைத் தோட்டம் தாண்டி அக்கா மகள் வீடு இருக்கும் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்ததும் வரிசையாக வேகத்தடைகள் இருக்கும், உனக்கு நினைவிருக்கும். முதல் தடையில் ஏறி இறங்கும்போதே என் காலடியில், இடது பக்கத்தில், பழைய அலமாரிக் கதவைத் திறப்பதுபோல ஒரு முனகல், அது முடிகிற இடத்தில் ஒரு ‘டொக்’. இரண்டாவது தடையிலும் அதே. மூன்றாவதிலும் அதே. உன் அப்பாவிடம் சொன்னேன். ‘புது பார்ட்ஸ்லா, சத்தம் எப்படி வரும்?’ என்றார். இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? புதிதாக ஒன்று வந்தால் சத்தம் வராது என்றால் நான் புதிதாக வந்த முதல் வருஷம் உங்கள் அம்மா ஏன் அப்படிச் சத்தம் போட்டார் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பட்டறையில் தகடு அடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்றவர், அந்த இடது காதில் அவருக்கு எதுவும் சரியாகக் கேட்பதில்லை, அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு நஸீஹாவுக்குக்கூடத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைப்பார். அன்றும் கூட்டித்தான் வைத்தார்.

குணாவிடம் சொன்னதுதான் என் தப்பு. கண் பட்டுவிட்டது என்று முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கரியும் கோத்துக் கட்டினான். அடுத்த வாரமும் சத்தம் வருகிறது என்றேன், அந்த மிளகாய்க் கட்டுதான் ஆடி ஆடி மோதுகிறது என்று அவனே சொன்னான். இப்படி ஒரு அறிவாளி என் அம்மா வயிற்றிலிருந்துதான் வந்தான் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதோடு விட்டானா? ஒரு நாள் சாயந்திரம் வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டு போனில் யார் யாருடைய காரோ போடுகிற சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டி ‘இதுவாக்கா? இல்ல இதுவாக்கா?’ என்று கேட்டான். அமெரிக்காக்காரன் லோரியின் சத்தம், ரஷ்யாக்காரன் ஜீப்பின் சத்தம். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். கடைசியில் உன் அப்பாவைப் பார்த்து ‘அக்காவுக்கே அது என்ன சத்தம்னு சொல்லத் தெரியலையே மாமா’ என்று உதட்டைப் பிதுக்கினான். இவன் கடையில் விற்கிற சத்தத்தில் ஒன்றை நான் வாங்க வேண்டும், இல்லையென்றால் என்னிடம் சத்தமே இல்லை என்று அர்த்தம். பிறகு அவனும் அப்பாவும் மட்டும் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லையாம். குணாவை நீ பார்த்திருக்கிறாய், ஊதினால் பறக்கிற உடம்பு, அவன் உட்கார்ந்தால் சீட்டுக்கே தெரியாது.

பிறகு செபராங் ஜெயாவில் மோகனராஜ் என்பவனின் வொர்க்‌ஷாப்புக்குப் போனோம். குணாவின் ஆபீசுக்குப் பின்வரிசைக் கடை. கூலிங் கிளாஸைக் கண்ணில் போடாமல் தலையில் போட்டிருக்கிறவன், எதைக் கேட்டாலும் ‘நார்மல்லா’ என்கிறவன். நான் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்ததும் என்னைப் பார்க்காமல் உன் அப்பாவைப் பார்த்து ‘என்னாண்ணே காடிக்கு?’ என்றான். உன் அப்பா ‘ஒண்ணும் இல்லலா, வீட்டுக்காரம்மாவுக்கு ஏதோ கேக்குதாம்’ என்றார். கேக்குதாம். அந்த ‘தாம்’ என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவன் தனியாக ஓட்டிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. காரின் மூலையைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் அனுப்பிவிட வேண்டியதுதானே, அப்சோபர் மேலே இருக்கிற மவுண்டிங் பழசு, அதுவாகத்தான் இருக்கும் என்று அதை மாற்றினான். மறு வாரம் சத்தம் இருந்தது. மறுபடி போனோம், மறுபடி நாற்காலி, மறுபடி அவன் தனியாக ஒரு சுற்று, இந்தத் தடவை லிங்க் என்று எதையோ மாற்றினான். கேட்காத சத்தத்துக்கு இவ்வளவு மருந்து கொடுத்தவனை நான் ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. கிளம்பும்போது என்னிடம் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல, ‘இனிமே வராது ஆண்ட்டி, நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க’ என்றான். வழியில் ஒரு தடை, அதே முனகல், அதே டொக்.

அப்போதுதான் உன் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். காரை நிறுத்திவிட்டு, ரேடியோவையும் நிறுத்திவிட்டு, கோபமில்லாமல், ரொம்ப மெதுவாகச் சொன்னார். ‘ஜெகா, உங்கக்காவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது.’ உன் லோகா பெரியம்மாவுக்கு முதலில் வந்தது மறதி இல்லை, உனக்கு அது தெரியாது, நீ அப்போது பரீட்சையில் இருந்தாய். கூரை மேலே யாரோ நடக்கிறார்கள் என்றாள். யாரும் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், இப்போது நான் போய் முன்னால் நின்றால் ஊசி போட வந்த நர்ஸ் என்று கையை மறைத்துக்கொள்கிறாள். இதைத்தான் அவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். கோபம் வந்ததா என்று கேட்டால் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். ஆமாம், பயந்தேன், நீ சொன்னபடியேதான், ஆனால் நீங்கள் மறைத்துவைத்த டாக்டரைப் பார்த்து இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து. வேகத்தடை வருகிறது என்றால் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். சத்தம் வந்தால் எனக்குப் பைத்தியம், வராவிட்டால் இத்தனை நாள் எனக்குப் பைத்தியம். கேஸை மூடிவிட்டேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். குழம்பு கொதிக்கும்போது ஆஸ்பத்திரி வார்டு நம்பர்களையும் அந்தந்த வார்டு நர்ஸ் பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஒரு பெயர் வரவில்லை என்றால் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நிற்பேன். இதையெல்லாம் உன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்து உனக்குத்தான் சொன்னார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வார்த்தைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை நான் முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் போய், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தாமானுக்குள் நுழைந்தோம், ஒரு தடை, இரண்டு தடை, ஒன்றுமே இல்லை. உன் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, ‘பாத்தியா, இன்னைக்குச் சத்தமே இல்ல, எல்லாம் மனசுதான்லா’ என்றார். லோகாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது, பின்னால் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் தன்னை டிரைவர் என்று நினைப்பார்கள் என்று அவர் மானம் போகிறமாதிரி கெஞ்சினார், சரி என்று முன்னால் வந்தேன். அதே தாமான், அதே முதல் தடை. முனகல், டொக். நான் உட்கார்ந்தால் வருகிறது. நான் உட்காராவிட்டால் வருவதில்லை. அவ்வளவுதான் விஷயம். நான் எண்பத்திரண்டு கிலோ இருக்கிறேன், எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. அந்த எடை இடது பக்கத்தில் இறங்கினால்தான் அந்தச் சத்தத்துக்கு வாய் திறக்கிறது. இத்தனை நாள் இந்தப் பெரிய மனிதர்கள் எல்லோரும் சத்தத்தைத் தேடிக் கிளம்பும்போது, முதல் வேலையாக என்னை இறக்கிவிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

திங்கட்கிழமையே மோகனராஜிடம் போகச் சொன்னேன். குணாவும் வேடிக்கை பார்க்க ஆபீசிலிருந்து வந்துவிட்டான். ‘ஆண்ட்டி, எறங்கி உக்காருங்க, நான் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரேன்’ என்றான் மோகனராஜ். நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். இறங்க மாட்டேன், ஓட்டு என்றேன். உன் அப்பா ‘ஜெகா, எல்லாரும் பாக்குறாங்கலா’ என்றார். பார்க்கட்டும் என்றேன். அவன் உன் அப்பாவைப் பார்த்தான், குணாவைப் பார்த்தான், பிறகு வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்து ஓட்டினான். கடைவரிசை முடிகிற இடத்தில் ஒரு மேடு. ஏறி இறங்கியதும் முனகல், டொக். அவன் பிரேக்கை அழுத்தினான். பின்னால் எடுத்து மறுபடி மெதுவாக ஏற்றினான். மறுபடி முனகல், மறுபடி டொக். தலையிலிருந்த கூலிங் கிளாஸைக் கழற்றி மடியில் வைத்தான். ‘ஆமாலா ஆண்ட்டி, கேக்குது’ என்றான். அந்த ஒரு வார்த்தை, தனேஷ். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவனைப் போன்ற ஒரு அரைவேக்காட்டின் வாயிலிருந்து வந்த வார்த்தைக்காக அழுகிறேனே என்று எனக்கே கேவலமாக இருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காரைக் குழியின் மேலே நிறுத்தி, கீழே இறங்கி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, லோவர் ஆர்ம் போட்டது யார் என்று கேட்டான். குணா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். ‘காடியை எறக்கி, வெயிட்டு மேல வந்த பிறகு டைட் பண்ணீங்களா?’ என்று கேட்டான் மோகனராஜ். ‘அதுக்கு ஏதுலா நேரம், ராகு காலம் வந்துருச்சே’ என்றான் என் தம்பி, கூச்சமே இல்லாமல். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்த ரப்பரை இறுக்கிவிட்டால், காரை இறக்கினதும் அது முறுக்கிக்கொள்ளுமாம், அதன் மேலே ஆள் ஏறி உட்கார்ந்தால் இன்னும் முறுக்கி, தாங்காமல் முனகி, வழுக்கி டொக்கென்று அடிக்குமாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிழிந்தே போயிருக்கும் என்றான். இதை முதல் நாளே கீழே இறங்கிப் பார்த்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும், அதைவிட்டு மவுண்டிங், லிங்க் என்று கடையில் இருந்ததையெல்லாம் மாட்டினான், அதைச் சொன்னேன், கேட்காததுபோல ஸ்பேனர் எடுக்கப் போய்விட்டான். காதுக்கோளாறு அவனுக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நட்டுகளைத் தளர்த்தி, காரை இரண்டு தரம் குலுக்கிவிட்டு, ‘ஆண்ட்டி, நீங்க கொஞ்சம் அப்படியே உக்காந்துருங்க’ என்று என்னை உட்காரவைத்தே மறுபடி இறுக்கினான். கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு அந்த மேட்டில் ஏறி இறங்கினோம். சத்தம் இல்லை.

யாராவது என்னிடம் மன்னிப்புக் கேட்டார்களா என்று நீ கேட்பாய். குணா, நல்லவேளை ராகு காலத்துக்கு முன்னால் முடித்தோம், இல்லையென்றால் இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். உன் அப்பா பாதிப் பாலம் தாண்டிய பிறகு ‘சத்தம் இருந்துச்சுதான் போல’ என்றார். போல. வீட்டுக்கு வந்து கோப்பி கலக்கும்போது மெல்ல வந்து நின்றுகொண்டு, ‘தனேஷ் உனக்கு ஒரு டாக்டர்கிட்ட தேதி வாங்கி வெச்சிருந்தான், இனிமே அது வேணாம்ல, கேன்சல் பண்ணச் சொல்லிடவா’ என்று, எனக்கு ஏதோ பரிசு கொடுப்பதுபோலக் கேட்டார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு நட்டு தப்பு என்று தெரிந்ததும் என் தலை சரி என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். ஒரு நட்டு சரி என்று நினைத்தபோது என் தலை தப்பு என்று எழுதினதும் அவர்தான். இரண்டு தடவையும் என்னை யாரும் கேட்கவில்லை.

வேண்டாம், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரில் சத்தம் உண்மை என்பதால் என் மண்டைக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று ஆகிவிடாது, அந்த அளவுக்குப் புத்தி எனக்கு இருக்கிறது. போன மாதம் நஸீஹாவின் பெயர் அரை நாள் எனக்கு வரவில்லை. வாசலில் நின்று அவளோடு பேசிக்கொண்டே, இவள் பெயர் என்ன, இவள் பெயர் என்ன என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தேன். இது உன் அப்பாவுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, சொன்னால் உனக்குத்தான் முதலில் போன் வரும். லோகா எனக்கு அக்கா, நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரத்தம், எனக்கும் அது வரலாம். வந்தால் எனக்கு முதலில் தெரிய வேண்டும். கவுண்டரில் நான் பார்த்ததெல்லாம் அதுதான். என்ன செய்கிறது என்று அந்த அம்மாளைக் கேட்பேன், புருஷன் பதில் சொல்வான், எத்தனை நாளாக என்று கேட்பேன், மகன் பதில் சொல்வான், அந்த அம்மாள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லோகாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அவளுக்குப் புரியும்போதே, அவளுக்குப் புரியாது என்று அவள் முன்னாலேயே பேசினோம். நானும் பேசினேன். வருகிற புதன்கிழமை காலை அந்த டாக்டரிடம் உன் அப்பா என்னைக் காரில் கொண்டுபோய் விடுவார், வெளியே உட்கார்ந்திருப்பார், உள்ளே நான் மட்டும்தான் போவேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், வைத்துக்கொள்ளட்டும். அவர் காதுக்கும் பக்கத்துக் கட்டடத்தில் அன்றைக்கே ஒரு தேதி வாங்கியிருக்கிறேன், அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, பயந்துவிடுவார்.

நீ டின்னில் இருப்பதைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு நேரமில்லை என்று சொல்லாதே, ஒரு ரசம் வைக்கப் பத்து நிமிஷம் போதும், காமினி வேலைக்குப் போகும் நாளில் நீ வை. அவளுக்கு என் அன்பைச் சொல், இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு, உன்னைவிட அவளுக்குச் சீக்கிரம் புரியும். குழந்தைகளா, நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு, ரொம்ப காலம் நன்றாக இருக்க வேண்டும், முருகன் துணை இருப்பான். உன்மேல் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை, ஆனால் நீ அங்கே ராத்திரி கண்விழித்து எனக்காகத்தான் அந்த டாக்டரைத் தேடியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் போய்விட்டு வந்திருப்பேன், என்ன சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கும். நல்லதாக இருந்தாலும் நான்தான் சொல்வேன், மோசமாக இருந்தாலும் நான்தான் சொல்வேன். நீ படித்து முடித்ததும் போன் செய். அப்பாவின் நம்பருக்கு இல்லை, என் நம்பருக்கு. அம்மா எப்படி இருக்காங்க என்று அவரிடம் கேட்காதே. எப்படிம்மா இருக்கே என்று என்னிடம் கேள்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
ஜெகதீஸ்வரி